தண்ணீர் புகாத கூடு

லமுன் என்றால் எங்கள் தாய்லாந்துப் பேச்சில் மென்மை என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்குக் குழந்தைகளைப் பார்த்துக் குணம் சொல்லத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம். மேக்லோங் சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பாங்காக்கிலிருந்து வந்த ஒரு சீமாட்டி மீன் நாறுகிறது என்று மூக்கைப் பொத்தியபோது, "நாறுறது மீனில்லம்மா, உன் பவுசு" என்று சொல்லி அனுப்பியவள். நான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அவள் கடைக்கு நேர் எதிரே, தேங்காய் துருவிப் பால் பிழிந்து விற்கிறேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கே இல்லை. ஆனாலும் அவளைப் பற்றி வேறு யாராவது தப்பாக ஒரு வார்த்தை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வியாபாரம் கானாங்கெளுத்தி. படகில் வரும் மீனை வாங்கிக் குடல் எடுத்து, கழுத்தை ஒடித்துத் தலையைக் குனிய வைத்து, சின்ன மூங்கில் கூடைகளில் அடுக்கி உப்புத் தண்ணீரில் வேக வைப்பாள். கழுத்தை ஒடிக்காவிட்டால் எங்கள் ஊர் மீன் கூடையில் அடங்காது. புருஷன் மீன்பிடிப் படகில் போனவன். ஒரு தடவை ரானோங் துறைமுகத்தில் இறங்கியவன் இறங்கியவன்தான், வீடு திரும்பவில்லை. செத்தானா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா என்று யாராவது கேட்டால், "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான், மீன் வாங்குறியா இல்லியா?" என்பாள். அவளுக்கு மிஞ்சியது மகன் புன்லூ மட்டும்.

புன்லூ அம்மாவைப் போல இல்லை. உப்பளத்தில் லாரி ஓட்டினான், யாரையும் கடிந்து பேசமாட்டான். துணிக்கடையில் வேலை பார்த்த பிகுலை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். மாமியாருக்கும் மருமகளுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. பிகுல் நகத்துக்குச் சாயம் பூசுவாள். மீனைத் தொட்டுவிட்டால் கையைக் கழுவி, மறுபடி முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவுவாள். லமுனுக்கு அது போதாதா? சந்தை முழுவதும் கேட்கும்படி, "என் மருமக கை கழுவியே எங்க கிணறு வத்திப்போச்சு" என்பாள்.

ஒரு நாள் உப்பளச் சாலையில் புன்லூவின் மோட்டார் சைக்கிளை ஒரு பிக்கப் வண்டி இடித்தது. வெளியே பெரிய காயம் இல்லை, வயிற்றுக்குள்தான் ரத்தம். அறுவைக்கு ஏற்பாடு நடக்கிறது, அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவன் கேட்டதெல்லாம் தண்ணீர்தான். "அம்மா, ஒரு வாய் தண்ணி." அம்மா கொடுக்கவில்லை. பெண்டாட்டியைக் கேட்டான். அவளும் கொடுக்கவில்லை. ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில் நின்றுகொண்டு, "முடிஞ்சதும் தரேன், இதோ முடிஞ்சதும் தரேன்" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அது இதுதான். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

மருத்துவமனைக்காரர்கள் சொன்னது சரி. இவர்கள் அதற்குக் கட்டுப்பட்டதும் சரி. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்காத சாவு. அதுவும் லமுனுக்கு.

தகனத்துக்கு மறுநாள் காலை, வழக்கப்படி சாம்பலை மனித உருவமாகப் பரப்பி, தலைப்பக்கத்தை மேற்கிலிருந்து கிழக்குக்குத் திருப்பி, பூவும் வாசனைத் தண்ணீரும் தெளித்து எலும்பு பொறுக்கினோம். லமுன் பச்சைப்பயறு அளவு ஒரு துண்டும் ஒரு சிட்டிகைச் சாம்பலும் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். மற்றதைச் சிமிழில் வைத்துக் கோயில் மதிலில் பதித்துவிடலாம் என்றாள். பிகுல் கேட்கவில்லை. "அவரு கேட்டது தண்ணி. தண்ணிக்கே போகட்டும்" என்று சொல்லி, வெள்ளைத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். ஆற்று முகத்துவாரத்தில் கரைத்துவிட்டு வந்தாள். வருஷம் திரும்புவதற்குள் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். லமுன் அவளைப் பற்றிப் பேசியதை நான் இங்கே எழுத முடியாது.

காகிதத்தில் மடித்ததை எத்தனை நாள் வைத்திருப்பது? சந்தை வாசலில் தோங் அண்ணன் இருக்கிறார். கழுத்தில் போடும் புத்தர் பதக்கங்களுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் கூடு செய்து, வெள்ளி விளிம்பு கட்டித் தருகிறவர். எங்கள் ஊரில் அவரிடம் கூடு போடாத கழுத்தே இல்லை. யார் போய் நின்றாலும் தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி புகாததா, சாதாரணமா?" எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். குளிக்கிறோம், வேர்க்கிறது, மழையில் நனைகிறோம், புத்தர் நனையலாமா? அந்த எலும்புத் துண்டோடு போய் நின்ற லமுனும் யோசிக்கவில்லை.

"நாள் பூரா தண்ணியில கெடக்கிற பொழப்பு. புகாததே போடு. ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா உன் கடையைக் கொளுத்திடுவேன்" என்றாள்.

"போகாது அக்கா. கடல்ல போட்டாலும் போகாது" என்றார் அவர்.

அந்தப் பதக்கத்தை அவள் பேணிய விதம் இருக்கிறதே, புன்லூ குழந்தையாக இருந்தபோது அவனை அப்படிப் பேணவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். மீன் செதில் தெறித்தால் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பாள். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். வெள்ளி விளிம்பு கறுத்தபோது நான் எலுமிச்சை வைத்துத் துலக்கச் சொன்னேன், அதற்கு ஒரு மணி நேரம் திட்டினாள். புளிப்புப் பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடுமாம். விளிம்பை மட்டும் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைப்பாள். முகப்பவுடர் கையால் தொடமாட்டாள். பாவாடைக்கு அடியில் போனால் பதக்கத்தின் புனிதம் கெடும் என்பார்கள்; கொடியில் உலரும் பாவாடைக்கு அடியில் நுழைய வேண்டியிருந்தால் கழற்றிக் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுவழியில் போவாள். படுக்கும்போது தலைமாட்டு ஆணியில் மாட்டுவாள். யாரையாவது வைய வேண்டியிருந்தால், முதலில் பதக்கத்தைத் திருப்பி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு அப்புறம்தான் ஆரம்பிப்பாள். பிள்ளை காதில் விழக்கூடாதாம். பதக்கம் முதுகுக்குப் போனது என்றால் நாங்கள் எல்லாரும் எங்கள் பக்கம் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்துகொள்வோம்.

சோங்க்ரான் புத்தாண்டுக்கு எல்லாரும் அவரவர் வீட்டு எலும்புச் சிமிழ்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பாயில் வரிசையாக வைத்து, பிக்குகள் ஓதி முடித்ததும் வாசனைத் தண்ணீர் ஊற்றுவோம். செத்தவர்களுக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற குளியல், குடிநீர் எல்லாம். லமுன் பதக்கத்தைக் கழற்றி வைத்து ஊற்றுவாள். தண்ணீர் கூட்டின் மேல் வழிந்து தாம்பாளத்தில் விழும். "குடிச்சுட்டான்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிப்பதே அபூர்வம் என்பதால் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

இப்படி இரண்டு சோங்க்ரான் போனது. மூன்றாவது வருவதற்குச் சில நாள் முன்பு பிகுல் மல்லிகை மாலை வாங்கச் சந்தைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. எங்கள் சந்தையில் தண்டவாளத்தின் மேல்தான் நடை. ஊதல் கேட்டதும் நாங்கள் வெயில் துணிகளைச் சுருட்டிக் கூடைகளை உள்ளே இழுப்போம், நடக்கிறவர்கள் கிடைத்த கடைக்குள் ஒண்டிக்கொள்வார்கள். பிகுல் ஒண்டியது லமுன் கடையில். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, போச்சுடா என்று நினைத்தேன்.

லமுன் பதக்கத்தை முதுகுக்குத் தள்ளினாள்.

"என்னடி, ஐஸ்காரன் வீட்டுல மீன் வேகுமா? வெறைச்சுல்ல போகும்."

"மீனுக்கு வரலம்மா. ரயில் போனதும் போயிடுறேன்."

"போறதுல நீ கெட்டிக்காரிதான். வருஷம்கூடத் தாங்கலியே உனக்கு."

"அம்மா, நல்ல நாள் வர்ற நேரம், வேண்டாம்."

"நல்ல நாள் எனக்குடி. நான் என் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவேன். ஆத்துல கொட்டினவ நீ, யாருக்கு ஊத்துவ? ஐஸ் கட்டிக்கா?"

பிகுல் முகம் மாறியது. ரயில் அவர்கள் முழங்காலை உரசுகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பிகுல் கேட்டது லமுன் பிறகு சொன்னதுதான்.

"எதும்மேல ஊத்துறீங்க? அது தண்ணி புகாத கூடாச்சே. பிளாஸ்டிக்குமேல ஊத்திட்டுக் குடிச்சான் குடிச்சான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்க. அன்னிக்கும் ஒரு சொட்டு குடுக்கல. இன்னிக்கும் குடுக்கல."

ரயில் போனது. எல்லாரும் துணிகளை மறுபடி விரித்தோம். லமுன் கடைத் துணி மட்டும் சுருட்டியபடியே கிடந்தது. வெயில் மீன்மேல் விழுந்துகொண்டிருந்தது, அவள் அப்படியே நின்றாள். பாவி பிகுல், எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்திவிட்டுப் போயிருந்தாள்.

அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு தோங் அண்ணனிடம் போனாள்.

"இதைத் திற."

"அக்கா, ஒட்டின கூடு. திறக்கறதுன்னா அறுக்கணும்."

"அறு."

"எதுக்கு?"

"என் பிள்ளைக்குத் தண்ணி குடுக்கணும்."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "உள்ள இருக்கிறது வெந்துபோன எலும்பு அக்கா. சுண்ணாம்பு மாதிரி. ஆடாம அசையாம இருக்கிறவரைக்கும்தான் அது எலும்பு. தண்ணி பட்டா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. போட்டோவை வெச்சு அதுக்கு ஊத்துங்களேன்."

"போட்டோவுக்குத் தாகம் எடுக்குமா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். "புண்ணியம் போய்ச் சேர்றது மனசாலதான், தண்ணியால இல்லன்னு பெரிய பிக்கு போன வருஷம்கூடச் சொன்னாரே, லமுன்."

"பிக்கு பிள்ளை பெத்தவரா?" என்றாள்.

அதற்கு மேல் யார் பேசுவது? தோங் அண்ணன் சின்ன வாளால் விளிம்போரமாக அறுத்து, மூடியாகத் திறக்கிற மாதிரி செய்து கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். அவர் கூலி வேண்டாம் என்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

எலும்புகளைக் குளிப்பாட்டும் நாளன்று கோயிலில் நிற்க இடமில்லை. வெளியே ஒலிபெருக்கி, தண்ணீர்த் துப்பாக்கிப் பிள்ளைகள், கூச்சல். உள்ளே பாய் நிறையச் சிமிழ்கள், புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பெரிய தாம்பாளம். மற்றவர்கள் சிமிழில் இருப்பது கைப்பிடி கைப்பிடியான துண்டுகள், ஊற்றினாலும் வெயிலில் காய்ந்துவிடும். லமுன் தன் சின்னக் கூட்டைத் திறந்து வைத்தாள். நான் அவள் காதில், "விரல்ல தொட்டு ஒரு சொட்டு வை, போதும்" என்றேன். தலையாட்டினாள்.

ஓதி முடிந்தது. வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அவளுக்கு என்ன ஆனதோ. ஒரு சொட்டு வைக்கப் போனவளின் கை, "குடிடா, குடிடா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தைச் சாய்த்துவிட்டது. கேட்டுக் கேட்டுச் செத்தவனுக்கு எந்தத் தாய் ஒரு சொட்டோடு நிறுத்துவாள்? சாம்பல் மேலே எழும்பிக் கூட்டின் விளிம்பு வழியாக வழிந்தது. அவள் அவசரமாக எலும்புத் துண்டை எடுக்கப் போனாள். அது விரலில் கூழாக ஒட்டியது. தாம்பாளத்துத் தண்ணீரில் கையை விட்டு அரித்தாள். மல்லிகை இதழ்தான் வந்தது.

"ஊத்தாதீங்க! யாரும் ஊத்தாதீங்க!" என்று கத்தினாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு பக்கமும் குடும்பம் குடும்பமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் உள்ளங்கையில் மட்டும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, அப்படியே நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி எழுந்து, என்னைத் தேடினாள். நான் துணி எடுக்கத் திரும்பியிருந்தேன். சோங்க்ரான் அன்று வயதானவர்கள் கையைக் குவித்து நீட்டினால் அதில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். சந்தைப் பெண்கள், அவளிடம் வருஷம் முழுவதும் திட்டு வாங்குகிறவர்கள், அம்மா இன்றைக்காவது ஆசீர்வாதம் தரக் கை நீட்டினாளே என்று சந்தோஷமாக வரிசையில் வந்தார்கள். "நீண்ட ஆயுசோட இருங்கம்மா" என்று ஒருத்தி அவள் கையில் ஊற்றினாள். "நோய் நொடி இல்லாம இருங்கம்மா" என்று இன்னொருத்தி. லமுன் கையை மூடிக்கொள்ளப் பார்த்தாள், ஒருத்தி அன்பாகப் பிரித்துவிட்டு ஊற்றினாள். நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் கை சுத்தமாக, வாசனையாக இருந்தது.

யாரை அடிப்பது? எனக்கு அந்தப் பாயையே சுருட்டி எறியலாம் போல இருந்தது.

லமுன் அழவில்லை. "அவ வாயிதான். அந்தச் சிறுக்கி வாயிதான் என் பிள்ளையைக் கரைச்சுது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் பிகுல் வீடு. வழியெல்லாம் பிள்ளைகள் வாளி வாளியாக எங்கள்மேல் தண்ணீர் வீசினார்கள். கன்னத்தில் வெள்ளை மாவைக் குழைத்துப் பூசினார்கள். அன்றைக்குக் கோபப்படக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆளைக் கொல்லப் போகிறவள் மாதிரி போனவள், முகமெல்லாம் மாவு வழிய, கோமாளி மாதிரி போய் அந்த வாசலில் நின்றாள்.

புருஷன் ஐஸ் கொண்டுபோயிருந்தான், திருவிழா நாளில் அவனுக்கு ஓய்வு ஏது. பிகுல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"குளிர்ந்துச்சாடி உனக்கு? போயிட்டான். மொத்தமா போயிட்டான். உன் பேச்சைக் கேட்டுத் திறந்தேன், ஊத்தினேன், கரைஞ்சு போயிட்டான். ஆத்துல நீ கொட்டினது பத்தலியா? எங்கிட்ட இருந்த துளியும் உன் கண்ணை உறுத்துச்சா?" முதுகுக்குத் தள்ளிக்கொள்ள அவள் கழுத்தில் இப்போது ஒன்றும் இல்லை. இன்னும் என்னென்னவோ சொன்னாள். பிகுல் எழுந்திருக்கவில்லை, தடுக்கவும் இல்லை. லமுனுக்கு மூச்சு வாங்கியபோதுதான் கேட்டாள்.

"முழுசாவா கரைஞ்சுது? ஒண்ணுமே நிக்கலியா?"

கேட்டுவிட்டு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை இழுத்தாள். அதே பிளாஸ்டிக் கூடு, அதே வெள்ளி விளிம்பு. உள்ளே லமுனுடையதைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்று இருந்தது.

"படகுல வெச்சு எடுத்தேன். உங்ககிட்ட சொன்னா புடுங்கிப்பீங்கன்னு சொல்லல. தோங் அண்ணன்கிட்டதான் நானும் போட்டேன். புகாததான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

"அப்ப சந்தையில என்னை ஏண்டி அப்படிக் கேட்ட?"

"என்னை நானே கேட்டுக்கிட்டிருந்ததுதான் வாயில வந்துடுச்சு. இங்க கட்டிக்கிட்ட இவர்கிட்ட சொல்ல முடியுமா? இதைப் போட்டிருக்கறதையே பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்திருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க ரோஷக்காரி, கேட்டா திறப்பீங்கன்னு தெரியும். என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் நான் திறக்கலாம்னு இருந்தேன்."

இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கை துறுதுறுத்தது. பெற்றவளுடைய துளியை வைத்து வெள்ளோட்டம் பார்த்திருக்கிறாள். லமுன் கையை ஓங்கினாள், அறை விழப்போகிறது என்று நினைத்தேன், விழட்டும் என்றும் நினைத்தேன். அந்தக் கை சங்கிலியைப் பிடித்தது. சங்கிலி பிகுலின் கழுத்திலேயே இருந்ததால் அவள் குனிய வேண்டியதாயிற்று. இரண்டு தலையும் முட்டுகிற அளவு நெருங்கி நின்றன. லமுன் ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள். கூட்டின் மேல் அவள் விரல் ஈரம் பட்டிருந்தது. துடைக்கத் தன் தோள் துண்டைத் தேடினாள், ஈரம். என் துண்டைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் ஈரம். கடைசியில் வாயால் ஊதி ஊதி அதைக் காய வைத்தாள். பிடுங்கிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்து பிகுல் சங்கிலியின் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

லமுன் விட்டுவிட்டாள்.

"திறக்காதே" என்றாள்.

"அவரு தண்ணி தண்ணின்னு..."

"தெரியும்டி. தாகத்தோடவே இருக்கட்டும். இருந்தா போதும்."